புதிய கேமிங் மடிக்கணினி: எந்த மேம்பாட்டுக்குப் பணம் கொடுத்தீர்கள்?

சாட்ஸ்வர்த், டர்பன்
2023 டிசம்பரில் செய்த தேர்வு இன்னும் என் மனத்தை அரித்துக்கொண்டிருப்பதால் எழுதுகிறேன். கையிலிருந்த ராண்டுக்கு இரண்டில் ஒன்றுதான் கட்டுப்படியாகும்: 8 ஜிபி ரேமை 16 ஆக்குவது, அல்லது கிராபிக்ஸ் சிப்பில் ஆர்டிஎக்ஸ் 4050-க்குப் பதில் அதைவிட வலுவான 4060 எடுப்பது. ரேமையே கூட்டினேன். சில மாதம் கழித்துத் தூசி தட்டுவதற்காக அடிமூடியைக் கழற்றியபோது, கடையில் செருகித் தந்த ஒற்றை 16 ஜிபி பட்டையும், அதன் பக்கத்திலேயே காலியாகக் கிடந்த இன்னொரு ஸ்லாட்டும் கண்ணில் பட்டன. ரேமை நான் என்றைக்கு வேண்டுமானாலும் வீட்டு மேசையில் வைத்தே கூட்டியிருக்கலாம். கிராபிக்ஸ் சிப்போ மதர்போர்டோடு பற்றவைக்கப்பட்டது, அதன் 6 ஜிபி வீடியோ நினைவகம் கடைசிவரை 6 ஜிபிதான். கழற்றிய திருகுகளை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு அந்தக் காலி ஸ்லாட்டையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பீனிக்ஸ்
சாட்ஸ்வர்த் அண்ணன் சொல்வதை எல்லா மடிக்கணினிக்கும் பொதுவாக எடுத்துக்கொண்டால் என்னைப்போல் ஏமாற நேரிடும். ரேமைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று எண்ணி, மெல்லிய வகை ஒன்றை 16 ஜிபியோடு வாங்கினேன். மறு ஆண்டு புதிய பட்டையை வாங்கிவந்து மூடியைத் திறந்தால், செருகுவதற்கு ஸ்லாட்டே இல்லை. ரேம் சில்லுகள் அனைத்தும் போர்டிலேயே பற்றவைக்கப்பட்டிருந்தன. ஆகையால் வாங்கும்முன் அந்த மாடலின் பராமரிப்புக் கையேட்டைப் படித்து, எத்தனை ஸ்லாட் என்று உறுதிசெய்துகொள்ளாதவருக்கு அண்ணனின் கணக்கு பொருந்தாது.

பீட்டர்மாரிட்ஸ்பர்க்
ரேமைப் பற்றியே இருவரும் பேசுகிறீர்கள். 2023-இல், நாளுக்குப் பல மணிநேரம் மின்சாரம் நிறுத்தப்படும் ஆறாம் கட்ட மின்வெட்டு நடந்த ஒரு மாலை, கார்ப் பந்தயத்தின் கடைசிச் சுற்றில் மின்சாரம் போனது. திரை அணையவில்லை, ஆனால் பேட்டரிக்கு மாறிய அதே நொடியில் படங்கள் விட்டுவிட்டு நகரத் தொடங்கின, வளைவில் என் வண்டி சுவரில் மோதி நின்றது. கிராபிக்ஸ் சிப் கேட்கும் முழு மின்சாரத்தையும் பேட்டரியால் தர இயலாது என்பதை அன்றுதான் உணர்ந்தேன்.

அதனால் சொல்கிறேன், சிப்பின் பெயரை மட்டும் பார்த்துப் பணம் கொடுக்காதீர்கள். மடிக்கணினிக்கான ஆர்டிஎக்ஸ் 4060 என்பது 35 வாட்டிலிருந்து 115 வாட் வரை எந்த அளவிலும் பொருத்தப்படலாம் என்று அந்தச் சிப்பின் நிறுவனமான என்விடியாவே வரையறுத்திருக்கிறது. மிகக் குறைந்த வாட்டில் ஓடும் 4060-ஐ விட நல்ல குளிர்விப்போடு முழு வாட்டில் ஓடும் 4050 மேலாக இருக்கவும் கூடும். கடையில் வாட் எண்ணைக் கேளுங்கள். சொல்ல மறுத்தால் வேறு கடைக்குச் செல்லுங்கள். டர்பன் கோடையின் புழுக்கத்தில் விசிறியும் வெப்பக் குழாய்களும் ரேமைவிட முக்கியம். இன்வெர்ட்டர் வாங்கும் எண்ணம் இருந்தால், சார்ஜரின் வாட்டை முதலில் பாருங்கள். என்னுடையது 230 வாட், சிறிய யூபிஎஸ் அதைத் தாங்காது. கோப்புகளைச் சேமிக்கும் எஸ்எஸ்டிக்குக் கடையில் கூடுதல் பணம் தரவே வேண்டாம்: 512 ஜிபியோடு வாங்கி, எஸ்எஸ்டி செருகும் எம்.2 ஸ்லாட் இரண்டாவதாக ஒன்று இருந்தால் 2280 அளவுப் பட்டை ஒன்றைப் பிறகு போட்டுக்கொள்ளலாம்.

லெனேசியா
2280 என்பது 22 மில்லிமீட்டர் அகலமும் 80 மில்லிமீட்டர் நீளமும் மட்டுமே, அக்கா. அந்த அளவை மட்டும் பார்த்து நான் வாங்கியது சாட்டா என்ற பழைய இணைப்பு வகைப் பட்டை. ஸ்லாட்டில் ஒழுங்காக உட்கார்ந்தது, திருகும் முடுக்கினேன், ஆனால் கணினி தொடங்கும்போது திறக்கும் பயாஸ் அமைப்புத் திரையில் அந்தப் பட்டைக்கான வரி காலியாகவே இருந்தது. ஸ்லாட் என்விஎம்இ என்ற வேகமான வகையை மட்டுமே ஏற்கும் என்பது கையேட்டில் இருந்தது, நான்தான் படிக்கவில்லை.

சாட்ஸ்வர்த், டர்பன்
பீனிக்ஸ் தம்பி சொல்வது நியாயம்தான்; என் மாடலில் ஸ்லாட் இருந்ததை நானும் திறந்த பிறகே அறிந்தேன். சென்ற வாரம் அதே வேகத்தில் இன்னொரு 16 ஜிபி டிடிஆர்5 ரேம் பட்டையைச் செருகினேன். இரண்டு பட்டைகளும் டூயல் சேனலாக, அதாவது ஒரே நேரத்தில் இரு பாதைகளில், இயங்குவதால், கூட்டம் மிகுந்த நகரக் காட்சிகளில் முன்பிருந்த திணறல் வெகுவாகக் குறைந்திருக்கிறது. காட்சிப் பரப்புகளின் நுணுக்கமான டெக்ஸ்சர் அளவை மேலே ஏற்றினால் மட்டும் 6 ஜிபி வீடியோ நினைவகம் நிரம்பிவிட்டது என்ற எச்சரிக்கை சிவப்பில் வருகிறது. நடுத்தர அளவிலேயே ஆடிக்கொண்டிருக்கிறேன்.