முற்றம் சுருங்கிக்கொண்டே போகிறது, உதவி தேவை (அவசரம்)

கானாடுகாத்தான்_வரைபடம்:
வீட்டு வரைபடங்களை உயிரினம் போலக் கலந்து தலைமுறை தலைமுறையாக மேம்படுத்தும் மென்பொருளை மூன்று நாளாக ஓட்டுகிறேன். எத்தனை தலைமுறை போனாலும் முற்றம் சுருங்கிச் சுருங்கி ஒரு பூந்தொட்டி வைக்கிற அளவில் வந்து நின்றுவிடுகிறது. புது வீடுதான், ஆனால் பழைய அமைப்பில் வேண்டும் என்கிறார்கள். நாளை மறுநாள் வீட்டுக்கார ஆச்சியிடம் காட்ட வேண்டும். யாராவது சொல்லுங்கள்.

பள்ளத்தூர்_பொறியாளர்:
எந்த மென்பொருள்? மனை அளவு? ஸ்லைடர் (மென்பொருள் கூட்டிக் குறைக்கிற அளவுகள்) எத்தனை? எதைக் குறைக்கச் சொல்லியிருக்கிறீர்கள்? இவை தெரியாமல் என்ன சொல்ல?

தேவகோட்டை_தேக்கு:
கிராஸ்ஹாப்பர் வரைபட மென்பொருளில் வருகிற கேலபாகோஸ்தானே? அதில் இன்பிரீடிங் (உள்ளினச் சேர்க்கை) என்கிற அமைப்பு 75 சதவீதத்தில் கிடக்கும், சாயல் ஒத்தவையே கூடிக் கூடி எல்லாம் ஒரே அச்சாகிவிடும். 0-க்குக் கீழே இறக்குங்கள், ஒரு தலைமுறையில் வரும் வரைபட எண்ணிக்கையை 50-இலிருந்து 150 ஆக்குங்கள். எனக்கு எப்போதும் இதுதான் கைகொடுத்திருக்கிறது.

கானாடுகாத்தான்_வரைபடம்:
மன்னிக்கவும், அவசரத்தில் விட்டுவிட்டேன். கேலபாகோஸ்தான். மனை 40-க்கு 120 அடி, 14 ஸ்லைடர். சுவர் நீளமும் நடக்கிற தூரமும் கூட்டி, அந்தத் தொகையைக் குறைக்கச் சொன்னேன். இன்பிரீடிங் மாற்றியும் அதேதான்.

கணக்கு_வாத்தியார்:
தம்பி, அடிப்படையைப் படித்துவிட்டு வந்திருக்கலாம். முற்றம் இருந்தால் சுவர் கூடும், சுற்றி நடக்கவும் வேண்டும். நீங்கள் குறைக்கச் சொன்னதைத்தான் அது குறைத்திருக்கிறது. கேலபாகோஸ் ஒரே இலக்குக்கானது. செலவு ஒன்று, வெளிச்சம் ஒன்று என்று பிரித்து, பல இலக்குகளை ஒருசேரப் பார்க்கும் வாலசீயில் ஓட்டுங்கள், அதற்குள் இருப்பது கல்யாண்மய் தேப் குழு 2002-இல் வெளியிட்ட என்எஸ்ஜிஏ-2 என்கிற தேடல் முறை. ஆச்சிக்குக் கணக்கு முடிந்தபின் காட்டினால் போதும்.

புதுவயல்_செங்கல்:
கடைசி வரியை ஏற்க மாட்டேன். ஆரம்ப கட்டத்தில் என்ன வேண்டும் என்பது வீட்டுக்காரருக்கே முழுசாகத் தெரியாது, படத்தைப் பார்த்த பிறகுதான் வற்றல் எங்கே காயப்போடுவது, மழைத்தண்ணீர் பிடிக்க அண்டா எங்கே வைப்பது என்று கேள்வி வரும், அதையெல்லாம் முன்னாடியே எப்படி எண்ணாக்குவீர்கள்? பார்ப்பவரையே தேர்ந்தெடுக்கச் சொல்லும் பயோமார்ஃபர் மென்பொருளைப் போட்டுப் பாருங்கள். மொத்தத்தையும் 12 கூட்டமாகப் பிரித்து, கூட்டத்துக்கு ஒன்றாகக் காட்டும். பிடித்ததைத் தொட்டால் அடுத்த தலைமுறை அதிலிருந்து பிறக்கும். 1991-இல் கணினிக் கலைஞர் கார்ல் சிம்ஸ் இப்படித்தான் கண்ணால் பார்த்துத் தேர்ந்தே படங்களை வளர்த்தார்.

கணக்கு_வாத்தியார்:
பார்ப்பவர் களைத்துப்போவார். இப்படி மனிதரைத் தேர்ந்தெடுக்க வைக்கும் துறையைப் பற்றி ஆய்வாளர் ஹிதேயுகி டகாகி 2001-இல் எழுதிய தொகுப்புக் கட்டுரையிலேயே அது பெரிய சிக்கலாக வருகிறது. பத்தாவது சுற்றில் ஆச்சி முதல் சுற்றுக்கு மாறாகச் சொல்வார்.

புதுவயல்_செங்கல்:
அதனால்தான் இரண்டையும் கலக்க வேண்டும். நடுவில் சில தலைமுறை எண்ணை வைத்துத் தானாக ஓடட்டும், ஆச்சிக்கு நாலைந்து சுற்று மட்டும். மனசு மாறுவதைக் குறையாக நினைக்காதீர்கள், ஒரு வீட்டைப் பற்றி யோசிக்கிறவர் மாறத்தான் செய்வார்.

கோட்டையூர்_பேத்தி:
எல்லோரும் முற்றம் முற்றம் என்கிறீர்கள். எங்கள் பக்கம் அது வளவு. வானம் தெரிகிற இடம் மட்டுமில்லை, சுற்றுப்பத்தி (சுற்றி ஓடும் தாழ்வாரம்), தூண், பத்தியை ஒட்டி மகன்களுக்கான அறைகள், எல்லாம் சேர்ந்தது.

தேவகோட்டை_தேக்கு:
எங்கள் வீட்டில் நடுவில் இருக்கிற முற்றத்தைத்தான் வளவு என்போம்.

கோட்டையூர்_பேத்தி:
அப்படியானால் "உள்வளவில் போய்ப் படு" என்றால் மழையிலா படுப்பீர்கள்?

தேவகோட்டை_தேக்கு:
பேச்சுவழக்கை வைத்து இலக்கணம் சொல்லாதீர்கள். இன்பிரீடிங்கை இன்னும் இறக்கிப் பார்க்கச் சொல்லியிருந்தேன், அதற்குப் பதில் இல்லை.

பள்ளத்தூர்_பொறியாளர்:
கொஞ்சம் பொறுங்கள், பேத்தி சொன்னதில்தான் விஷயம் இருக்கிறது. வரைபடம், நீங்கள் முற்றத்தை நடுவில் ஓட்டையாக வைத்து அதன் அளவுக்கு ஒரு ஸ்லைடர் கொடுத்திருக்கிறீர்களா?

கானாடுகாத்தான்_வரைபடம்:
ஆமாம், 3 அடி முதல் 20 அடி வரை.

பள்ளத்தூர்_பொறியாளர்:
அதை எடுத்துவிடுங்கள். முதலில் வானத்தை வையுங்கள், அதைச் சுற்றிப் பத்தி, பத்தியிலிருந்து அறை தொடங்கட்டும். அப்போது முற்றத்தைத் தின்றால் அறைக்கு வாசலே இருக்காது. அப்புறம் செங்கல் சொன்னபடி ஆச்சியிடம் கொடுங்கள்.

கானாடுகாத்தான்_வரைபடம்:
(மூன்று நாள் கழித்து) வேலை செய்தது. ஆச்சி நாலாவது சுற்றில் ஒன்றைப் பிடித்துக்கொண்டார், முற்றம் 14 அடி. அடுப்படியை இரண்டாம் கட்டை விட்டு நகர்த்தக் கூடாது என்று சொல்லிவிட்டார், அந்த ஸ்லைடரைப் பூட்டிவிட்டேன். எல்லோருக்கும் நன்றி.