குற்றாலம்: சாரலில் வெடிக்கும் சிமெண்ட் சிற்பம், யோசனை தேவை

பூங்காவில் நிற்கும் 6 அடிச் சிற்பம், வயது 9. போன சாரலில் முழங்கையிலும் கணுக்காலிலும் நீளவாட்டில் விரிசல், துருக்கறை. தட்டினால் பொக்கென்று சத்தம். உள்ளே 8 மி.மீ. கம்பி, கோழிவலை, மேல்பூச்சு வெறும் 15 மி.மீ. இந்த ஊர் ஈரத்துக்கு அது போதவே போதாது.

விரிசலை எபாக்சி பட்டியால் அடைத்தோம். கம்பியில் துரு அப்படியே இருந்ததால் மூன்றே மாதத்தில் பக்கத்தில் வெடித்தது. எனாமல் அடித்ததும் தப்பு; ஈரம் உள்ளே சிக்கி, கொப்பளித்து உரிந்தது.

உள்ளூர்ச் சிற்பியின் அருமையான கைவேலை, இடிக்க மனமில்லை. கம்பியின் பின்பக்கம்வரை கொத்தி, துரு தேய்த்து, துரு தடுக்கும் ஜிங்க் பிரைமர் பூசி, பாலிமர் சேர்த்த 1:3 சிமெண்ட்-மணல் கலவை வைக்கப் போகிறோம். ஆனால் கணுக்காலில் கம்பி பாதியாக இளைத்துவிட்டது.

சிற்பத்தைச் சாய்க்காமல், நின்ற நிலையிலேயே அங்கே புதுக் கம்பி இணைப்பது எப்படி?