கினபாலு உச்சி: முழங்கால் வலி உள்ளவர் ஏறலாமா?

பினாங்கு வாசகர்:
வணக்கம். வரும் ஜூலையில் மலேசியாவின் சபா மாநிலத்தில் உள்ள கினபாலு பூங்காவுக்குக் குடும்பத்துடன் செல்ல இருக்கிறோம். கினபாலு மலையின் உச்சியான, 4,095 மீட்டர் உயரமுள்ள லோ சிகரத்தில் ஏறிவிட வேண்டும் என்பது என் மகனின் ஆசை. எனக்கு வயது 57. நாள்தோறும் நடக்கும் பழக்கம் உண்டு, ஆனால் படி இறங்கும்போது முழங்கால் வலிக்கிறது. மலையேற்றப் பயிற்சி இல்லாதவர்களும் ஏறலாம் என்கிறார்களே, அது உண்மையா? கோத்தா கினபாலு நகரில் தங்கி, விடியற்காலையில் புறப்பட்டு ஒரே நாளில் ஏறி இறங்க முடியுமா?

சபாவாசி:
ஐயா, ஒரே நாள் திட்டத்தைக் கைவிடுங்கள். உச்சிக்குச் செல்பவர்கள் முதல் நாள் 1,866 மீட்டரில் உள்ள திம்போஹோன் வாயிலில் புறப்பட்டு, ஏறத்தாழ ஆறு கிலோமீட்டர் ஏறி, சுமார் 3,270 மீட்டரில் உள்ள பனலாபான் விடுதிகளில் தங்கி, மறுநாள் அதிகாலை இரண்டு, இரண்டரை மணியளவில் மீண்டும் ஏறத் தொடங்குவதே வழக்கம். அங்குள்ள படுக்கைகளின் எண்ணிக்கைக்கு ஏற்பத்தான் ஆட்களை அனுமதிக்கிறார்கள். ஆகவே விமானச் சீட்டு எடுப்பதற்கு முன்பே விடுதியில் இடம் உறுதியாகியிருக்க வேண்டும். பலர் இதைத் தலைகீழாகச் செய்துவிட்டுத் தவிக்கிறார்கள். பூங்காவின் அனுமதிச் சீட்டும் உள்ளூர் வழிகாட்டியும் கட்டாயம்.

மலைநடையர்:
பயிற்சி தேவையில்லை என்பது பாதி உண்மை. பாறை ஏறும் திறமை வேண்டியதில்லை. ஆனால் வாயிலிலிருந்தே மரப்படிகளும் கற்படிகளும் ஓயாமல் வரும், அவற்றில் பல ஒரே சீரான உயரத்தில் இருப்பதில்லை. லாயாங்-லாயாங் குடிலைத் தாண்டியதும் மண்ணின் நிறம் மாறி, மரங்கள் குட்டையாகி முறுக்கிக்கொண்டு நிற்கும். சாயாட்-சாயாட் சோதனைச் சாவடியில் கழுத்தில் மாட்டியிருக்கும் அடையாள அட்டையைக் காட்டிப் பதிந்த பிறகு, மேலே எல்லாம் வெறும் கருங்கல் சரிவுதான். அதன்மேல் கிடக்கும் வெள்ளைக் கயிறு இருட்டிலும் மூடுபனியிலும் வழி காட்டுவதோடு, செங்குத்தான இடங்களில் பிடித்து ஏறவும் உதவுகிறது.

உங்களுக்கு உண்மையான சோதனை இறக்கம்தான். உச்சியைத் தொட்ட அதே நாளில், இரண்டாயிரம் மீட்டருக்கும் அதிகமான உயரத்தை, முந்தைய நாள் களைப்போடு இறங்க வேண்டும். முழங்கால் வலி உள்ளவர்கள் அழுதுவிடுவது அங்கேதான். மருத்துவரிடம் இப்போதே காட்டுங்கள். நடைக்கோல் இரண்டு வேண்டும். சமதளத்தில் நடப்பதை விட்டு, அடுக்குமாடிப் படிகளில் ஏறி இறங்கிப் பாருங்கள். ஒரு மணி நேரம் இறங்கிய பிறகு வலி எப்படி இருக்கிறது என்பதை வைத்து முடிவு செய்யலாம்.

சபாவாசி:
உயரத்தால் வரும் தலைவலியையும் குமட்டலையும் இளைஞர்கள்தான் பெரும்பாலும் அலட்சியம் செய்கிறார்கள், மகனிடம் சொல்லி வையுங்கள். அவை கடுமையானால் மாத்திரை போட்டுக்கொண்டு மேலே செல்லாமல், கீழே இறங்குவதே மருந்து. மழை வலுத்தால் பாறைச் சரிவு வழுக்கும். மேலே செல்லும் வழியை மூடிவிடுவார்கள். அப்போது வழிகாட்டியிடம் வாதாடாதீர்கள். 2015 ஜூன் 5 அன்று ஏற்பட்ட 6.0 அளவிலான நிலநடுக்கத்தில் இந்த மலையில் 18 பேர் இறந்தார்கள். மலையில் சிக்கித் தவித்தவர்களை இறக்கிக் கொண்டுவர முன்னின்றவர்கள் இந்த உள்ளூர் வழிகாட்டிகளே. உச்சியில் வெப்பநிலை உறைநிலையை நெருங்கும் என்பதால் கையுறையும் காற்றுத் தடுப்புச் சட்டையும் தவறாமல் கொண்டுவாருங்கள்.

பினாங்கு வாசகர்:
மிக்க நன்றி. நான் பனலாபான் வரை ஏறிவிட்டு, உச்சிக்கு மகனை மட்டும் வழிகாட்டியுடன் அனுப்பலாம் என நினைக்கிறேன். மனைவி ஏறப்போவதில்லை, அவர் அந்த இரு நாள்களையும் எப்படிக் கழிப்பது?

மலைநடையர்:
நல்ல முடிவுதான், ஆனால் பனலாபானிலிருந்து இறங்குவதும் ஆயிரத்து நானூறு மீட்டர் இறக்கம் என்பதை மறக்க வேண்டாம். அக்காவுக்குப் பூங்காத் தலைமையகத்தில் தாவரத் தோட்டம் இருக்கிறது. ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவில் போரிங் வெந்நீர் ஊற்றும் உண்டு. நீங்கள் இறங்கி வந்த பிறகு உங்கள் கால்களுக்கும் அந்த வெந்நீர் தேவைப்படும். போரிங்கில் ஓர் இரவுக்கு மூவருக்கும் அறை எடுத்துவிடுங்கள்.