கொழிஞ்சாம்பாறை சொந்தங்கள் (வாட்ஸ்அப் குழு)

வேலந்தாவளம் சின்னம்மா: பாப்பா சைபர் செக்யூரிட்டிதான் படிப்பேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். கண்ணு, நீ காக்கநாட்டில் அந்த வேலையில்தானே இருக்கிறாய். படித்தால் வேலை கிடைக்குமா?

பெரிய மாமா: ஹேக்கர் ஆவதற்குக் காலேஜ் எதற்கு தங்கச்சி? போலீஸ்தான் வீட்டுக்கு வரும் 😀

காக்கநாடு அண்ணன்: மாமா, எழுத்தில் அனுமதி வாங்கிக்கொண்டு உடைத்துப் பார்த்தால் சம்பளம். அனுமதி இல்லாமல் அதையே செய்தால் ஐடி சட்டம் 66ஆம் பிரிவு, 3 வருஷம் வரை உள்ளே.

காக்கநாடு அண்ணன்: வேலை உண்டு சின்னம்மா. ஆனால் டிவியில் காட்டுகிற மாதிரி இல்லை. நான் இருப்பது சாக் டீம், அதாவது கம்ப்யூட்டர் தாக்குதல் நடக்கிறதா என்று கண்காணிக்கிற பிரிவு. கம்பெனிகளின் கம்ப்யூட்டர்களிலிருந்து லாக் (யார் எப்போது என்ன செய்தார்கள் என்ற பதிவு) வந்துகொண்டே இருக்கும், சந்தேகமாக ஏதாவது தெரிந்தால் அலர்ட் அடிக்கும். பாதிக்கு மேல் ஒன்றுமே இருக்காது. லீவில் துபாய் போனவர் அங்கிருந்து லாகின் செய்திருப்பார், அவ்வளவுதான். நிஜமானது வந்தால் தூக்கம் போச்சு. 2022 உத்தரவுப்படி 6 மணி நேரத்துக்குள் செர்ட்-இன்னுக்கு, அதாவது சைபர் தாக்குதல்களைக் கவனிக்கிற மத்திய அரசு அமைப்புக்குச் சொல்லியாக வேண்டும்.

பாப்பா: எனக்கு சாக் வேண்டாம் அண்ணா. பென்டெஸ்டிங்தான், நீங்கள் சொன்ன அந்த அனுமதியோடு உடைத்துப் பார்க்கிற வேலை.

காக்கநாடு அண்ணன்: தாராளமாகப் போ. ஆனால் ரிப்போர்ட் எழுதப் பழகிக்கொள். ஓஎஸ்சிபி என்ற பென்டெஸ்டிங் சான்றிதழ் பரீட்சையில் உடைக்க 23 மணி 45 நிமிஷம், அப்புறம் ரிப்போர்ட்டுக்கு மட்டும் தனியாக 24 மணி நேரம். பிளஸ் டூவில் ரெக்கார்டு நோட்டை யார் எழுதினார்கள் என்று எனக்குத் தெரியும்.

பெரிய மாமா: 📎 ஆர்டிஓ சலான்.ஏபிகே
வாளையாரில் நம் டெம்போவுக்கு ஃபைனாம். எனக்குத் திறக்கவில்லை, யாராவது பாருங்கள்.

காக்கநாடு அண்ணன்: யாரும் தொடாதீர்கள்!! மாமா, இன்ஸ்டால் கொடுத்தீர்களா?

பெரிய மாமா: ஏதோ பர்மிஷன் கேட்டது. விட்டுவிட்டேன்.

காக்கநாடு அண்ணன்: தப்பித்தீர்கள். ஏபிகே என்றால் போனில் ஆப் போடுகிற ஃபைல். சலான் ஆப்பாக வராது, அரசின் பரிவாஹன் தளத்தில் பார்த்துக்கொள்ளலாம். இந்த மாதிரி ஆப் எஸ்எம்எஸ்ஸைப் படித்து ஓடிபியைத் திருடும். குரூப்பிலிருந்து அழித்துவிடுங்கள். யாருக்காவது பணம் போனால் உடனே சைபர் மோசடி உதவி எண் 1930க்குக் கூப்பிடுங்கள்.

பெரிய மாமா: அழித்துவிட்டேன்.

பாப்பா: மாமா, உங்கள் போனில் மட்டும் அழித்திருக்கிறீர்கள். எங்களுக்கெல்லாம் இன்னும் இருக்கிறது. அண்ணா, இதைப் பிரித்துப் பார்க்கட்டுமா?

வேலந்தாவளம் சின்னம்மா: ஒன்றும் வேண்டாம்.

காக்கநாடு அண்ணன்: இப்போது வேண்டாம் பாப்பா. விர்ச்சுவல் மெஷின் (கம்ப்யூட்டருக்குள் தனியாக ஓடுகிற இன்னொரு கம்ப்யூட்டர்) போடக் கற்றுக்கொண்ட பிறகு பார்க்கலாம். சின்னம்மா, இப்படிப் பிரித்துப் பார்ப்பதற்கே மால்வேர் அனலிஸ்ட் என்று தனி வேலை இருக்கிறது.

வேலந்தாவளம் சின்னம்மா: பாலக்காட்டில் ஒரு சென்டரில் ஆறே மாதத்தில் சிஐஎஸ்எஸ்பி என்ற செக்யூரிட்டி சான்றிதழ் வாங்கித் தருகிறார்களாம். அதில் சேர்த்துவிட்டால் போதாதா?

காக்கநாடு அண்ணன்: அந்தச் சான்றிதழ் முழுதாகக் கைக்கு வரப் பொதுவாக 5 வருஷ வேலை அனுபவம் வேண்டும். பிளஸ் டூ முடித்த பிள்ளையிடம் அதைச் சொல்லிப் பணம் வாங்குபவர்களை நம்பாதீர்கள். டிகிரி பெயரில் 'சைபர்' இருக்கிறதா என்றும் பார்க்காதீர்கள். நெட்வொர்க், ஆபரேட்டிங் சிஸ்டம், கிரிப்டோகிராபி (தகவலை ரகசியக் குறியாக மாற்றுகிற முறை) மூன்றும் லேபோடு நடத்துகிறார்களா என்று பாருங்கள். சும்மா கம்ப்யூட்டர் சயின்ஸ் கிடைத்தாலும் போதும். எங்கள் டீமில் பிசிஏ, இசிஇ எல்லாம் இருக்கிறார்கள். எம்டெக் வேண்டுமென்றால் பக்கத்தில் எட்டிமடை அம்ருதாவிலேயே சைபர் செக்யூரிட்டி இருக்கிறது.

பாப்பா: அமிர்தபுரியில் பயோஸ் டீம் இருக்கிறதே அண்ணா! சிடிஎஃப் என்ற ஹேக்கிங் போட்டிகளில் வெளிநாட்டு டீம்களோடு மோதுகிறார்கள்.

காக்கநாடு அண்ணன்: ஆமாம், அது மாணவர்கள் குழு. நீ போகிற காலேஜில் அப்படி ஒன்று இருக்கிறதா என்று சீனியர்களிடம் கேள். இல்லாவிட்டால் நாலு பேரைச் சேர்த்து நீயே ஆரம்பி.

வேலந்தாவளம் சின்னம்மா: ராத்திரி ஷிப்ட்தான் எனக்குக் கவலை.

காக்கநாடு அண்ணன்: எல்லாமே ராத்திரி வேலை இல்லை. ஆடிட், ஐஎஸ்ஓ 27001 என்ற தகவல் பாதுகாப்புத் தரநிலை, ரிசர்வ் பேங்க் விதிகளைச் சரிபார்ப்பது என்று பகல் வேலையும் நிறைய உண்டு.

பாப்பா: அது போர் 😴

காக்கநாடு அண்ணன்: முதலில் கேரள நுழைவுத்தேர்வு கீமில் ரேங்க் வரட்டும். நீ பார்த்து வைத்திருக்கிற காலேஜ்களின் சிலபஸை எனக்கு அனுப்பு. காலையில் ஷிப்ட் முடிந்து பார்க்கிறேன்.