ராஸ்பெரி பை ஸீரோ 2 டபிள்யூ வீட்டு வைஃபையில் இணையவில்லை: உதவி தேவை

வணக்கம். மாடித் தண்ணீர்த் தொட்டியின் நீர்மட்டத்தைக் கைபேசியில் பார்ப்பதற்காக வாங்கிய ராஸ்பெரி பை ஸீரோ 2 டபிள்யூ என்ற சிறிய கணினிப் பலகை, மூன்று நாட்களாக முயன்றும் வீட்டு வைஃபையில் இணையவே இல்லை.

மெமரி கார்டில் அதன் இயங்குதளமான ராஸ்பெரி பை ஓஎஸ்ஸின் புக்வோர்ம் பதிப்பை ஏற்றியபோது, பழைய வழிகாட்டி ஒன்றைப் பார்த்து, கார்டின் பூட் (தொடக்கப்) பகுதியில், வைஃபை விவரங்கள் கொண்ட டபிள்யூபிஏ சப்ளிகன்ட் கோப்பை எழுதி வைத்தேன். 2023-இல் வந்த இப்பதிப்பில் நெட்வொர்க் மேனேஜர் என்ற மென்பொருளே வைஃபையைக் கவனித்துக்கொள்வதால் அந்தக் கோப்புக்கு வேலையில்லை என்பது, ஒரு நாள் முழுக்க வீணான பிறகே தெரிந்தது. பின்னர், கார்டில் இயங்குதளத்தை எழுதும் இமேஜர் மென்பொருளிலேயே வைஃபையின் பெயர், கடவுச்சொல், நாடு ஆகியவற்றைக் கொடுத்து மீண்டும் எழுதினேன். பச்சை விளக்கு மினுக்குகிறது. ரூட்டரின் பட்டியலில்தான் பெயரைக் காணோம்.

கைபேசியின் ஹாட்ஸ்பாட்டில் அது உடனே இணைந்துவிடுகிறது. அவ்வழியே எஸ்எஸ்எச் (வேறு கணினியிலிருந்து கட்டளை கொடுக்கும் முறை) மூலம் நுழைந்து, நெட்வொர்க் மேனேஜரின் என்எம்சிஎல்ஐ கட்டளையால் தேடினால், வீட்டு வைஃபையும் 2.4 கிகாஹெர்ட்ஸில் நல்ல சிக்னலோடு தெரிகிறது. பாதுகாப்பு என்ற இடத்தில் டபிள்யூபிஏ2, அதைவிடப் புதிய டபிள்யூபிஏ3 என்ற வைஃபை பாதுகாப்பு முறைகள் இரண்டும் இருக்கின்றன. இந்தப் பலகைக்கு 5 கிகாஹெர்ட்ஸ் கிடையாது என்பது தெரியும். ஆகவே என் சந்தேகமெல்லாம் அந்தக் கலப்புப் பாதுகாப்பின் மீதுதான்.

வீட்டின் மற்றக் கருவிகளுக்காக ரூட்டரின் அமைப்பை மாற்றாமல், ராஸ்பெரி பையில் மட்டும் டபிள்யூபிஏ2-ஐக் கட்டாயமாக்க வழி உண்டா? விருந்தினர் நெட்வொர்க்கை டபிள்யூபிஏ2-வில் திறந்து அதில் இணைத்தால், என் மடிக்கணினியிலிருந்து ராஸ்பெரி பையை அணுக முடியாதபடி ரூட்டர் தடுத்துவிடுமா? பலகையைத் திரையுடன் இணைக்கும் மினி எச்டிஎம்ஐ கேபிள் என்னிடம் இல்லை என்பதால், எஸ்எஸ்எச் வழியாகவே செய்யக்கூடிய தீர்வைச் சொன்னால் நன்றியுடையவனாவேன்.