மறு: ‘பெருவெடிப்பு’க்கு மாற்று: ‘ஆதிப்படைப்பு’ வேண்டாம், ‘கனல்விரிவு’ சரிவருமா?

அன்புள்ள ஐயா, குழு நண்பர்களே, வணக்கம். அண்டம் சூடான, அடர்ந்த நிலையிலிருந்து விரிந்தது என்னும் ‘Big Bang’ கொள்கையின் தமிழ்ப்பெயர் பற்றிக் குழுவில் வந்த மடலுக்கு இது மறுமொழி. அதில் இருந்த வரிகள்:

> ‘பெருவெடிப்பு’ பொருந்தவில்லை. ‘ஆதிப்படைப்பு’ என்று வைத்தால் அறிவியலும் ஆன்மிகமும் ஒரே சொல்லில் சேர்ந்துவிடும்.

முதல் வாக்கியத்தை முழுதாக ஏற்கிறேன். வகுப்பில் நான் ‘பெருவெடிப்பு’ என்று சொல்லி வாய் மூடவில்லை, ஒரு பையன் எழுந்து, “எந்த இடத்துல சார் வெடிச்சுது?” என்று கேட்டான். அவன் கேட்டது நியாயம். வெடித்தது என்றால் வெடித்த இடம் ஒன்று வேண்டும், சிதறி ஓட வெளியே இடம் வேண்டும். இங்கே இரண்டும் கிடையாது. இடமேதான் விரிந்தது, எல்லாப் பக்கமும் விரிந்தது. 1949-இல் பிபிசி வானொலியில் ‘Big Bang’ என்ற பெயரைச் சொன்ன பிரிட்டிஷ் வானியலாளர் பிரெட் ஹாயில் அந்தக் கொள்கையை ஏற்காதவர். மறுத்தவர் வைத்த பெயரைத்தான் நாம் தமிழாக்கிப் பாடநூல்வரை கொண்டுவந்துவிட்டோம்.

இரண்டாவது வாக்கியம்தான் எனக்கு இடிக்கிறது. படைத்தல் செயப்படுபொருள் குன்றாவினை. ‘படைப்பு’ என்றதுமே படைத்தவர் ஒருவர் உள்ளே வந்துவிடுகிறார். தோன்றுதல் அப்படியல்ல, தானாகத் தோன்றியதா, ஒருவர் தோற்றுவித்தாரா என்ற கேள்வி அங்கே திறந்தே கிடக்கிறது. மெய்கண்டார் எழுதிய சைவ சித்தாந்த நூலான சிவஞானபோதத்தின் முதல் நூற்பாவைப் பாருங்கள். உலகைத் ‘தோற்றிய திதி’, அதாவது ஒருவரால் தோற்றுவிக்கப்பட்ட பொருள் என்கிறது, ஆனால் ‘மூவினைமையின்’ (தோன்றுதல், நிற்றல், ஒடுங்குதல் என்னும் மூன்று தொழில் உடைமையால்) என்று காரணம் காட்டிவிட்டுத்தான் சொல்கிறது. மெய்கண்டார் வாதாடி நிறுவப் பார்த்ததை நாம் ஒரு கலைச்சொல்லுக்குள் முன்கூட்டியே வைத்துவிடலாமா? அதிலும், சைவ சித்தாந்தத்தில் உலகின் மூலப்பொருளான மாயை அநாதி, தொடக்கம் இல்லாதது. இல்லாததிலிருந்து உலகம் வருவதில்லை. கிறித்தவ இறையியல் சொல்லும் படைப்போ இன்மையிலிருந்து. ‘ஆதிப்படைப்பு’ இவற்றில் எதோடு சேரும்?

அறிவியலையும் சமயத்தையும் கலக்கக் கூடாது என்ற இந்தத் தெளிவு பெல்ஜிய இயற்பியலாளர் லெமைத்ருக்கு இருந்தது. அவர் கத்தோலிக்கப் பாதிரியார். அண்டம் விரிகிறது என்று 1927-இல் எழுதியவர், அண்டம் முழுதும் ஒரே அணுவிலிருந்து வந்தது என்னும் ‘ஆதி அணு’க் கருத்தை 1931-இல் முன்வைத்தவர். 1951-இல் போப் பன்னிரண்டாம் பயஸ் இந்த அறிவியலை ‘ஒளி உண்டாகுக’ என்ற வேதவாக்கோடு இணைத்துப் பேசியபோது மகிழ்ந்திருக்க வேண்டியவர் அவர்தான். மாறாக வருந்தினார். தம் கொள்கை கடவுளை நம்புவோருக்கும் மறுப்போருக்கும் வழி விட்டு நிற்கிறது என்பதே அவர் நிலை. எனக்கு அந்த மனிதர்மேல் பெரிய மரியாதை. அவர் காத்த இடைவெளியைத் தமிழில் நாம் அடைத்துவிடக் கூடாது.

சமய வாசனையே கூடாது என்று நான் சொல்லவில்லை. ‘அண்டம்’ என்றாலே முட்டை; புராணத்திலிருந்து வந்த சொல். அண்டவியலுக்கு அதனால் ஒரு குறையும் இல்லை. சொல்லின் பிறப்பு எங்கேயும் இருக்கட்டும், இன்று அது எதைச் சாதிக்கிறது என்பதுதான் கேள்வி.

‘பெருவிரிவு’ என்று எழுதிய அம்மாவுக்கு: அருகில் வந்துவிட்டீர்கள். ஆனால் தொடக்க நொடியின் அதிவேக விரிவைக் (inflation) குறிக்க அந்தச் சொல் தேவைப்படும், இரண்டும் குழம்பும். ‘முதல்விரிவு’ம் வேண்டாம். அதற்கு முன் ஒன்றும் இல்லை என்று இயற்பியல் இன்னும் உறுதியாகச் சொல்லவில்லை.

உறுதியாகத் தெரிந்தவை இரண்டு: அண்டம் மிகச் சூடாக, மிக அடர்த்தியாக இருந்தது, விரிந்து ஆறியது. அதனால் ‘கனல்விரிவு’ என்று முன்மொழிகிறேன். சுமார் 1380 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய அந்தக் கனலின் மிச்சமான நுண்ணலைக் கதிர்வீச்சைத்தான் வானொலி வானியலாளர்கள் பென்சியாசும் வில்சனும் 1965-இல் அறிவித்தார்கள். வானெங்கும் இன்றும் 2.7 கெல்வினில் அது இருக்கிறது. கனன்ற விரிவு, கனல்கின்ற விரிவு, கனலும் விரிவு என்று வினைத்தொகையாகவும் விரிக்கலாம். அண்டத்தின் தொடக்கக் காலத்தைப் பேசும் சொல்லில் காலம் கரந்து நிற்பது எனக்குப் பிடித்திருக்கிறது.

ஒரு சிக்கல் மிச்சம். ஹாயில், அண்டம் தொடக்கமின்றி என்றும் ஒரே மாதிரி இருக்கிறது என்னும் தம் நிலைத்த அண்டக் கொள்கையில், பருப்பொருள் தொடர்ந்து ‘படைக்கப்படுகிறது’ என்றே எழுதினார். கடவுளை நம்பாதவர் அவர். அதைத் ‘தொடர்படைப்பு’ என்பதா, ‘தொடர்தோற்றம்’ என்பதா? அவர் கையாண்ட சொல்லை மாற்றும் உரிமை நமக்கு உண்டா? ஐயா, இதில் உங்கள் கருத்து வேண்டும்.