காட்டு ஆப்பிள்: சைபீரிய இனமா, சிக்கிம் இனமா?

நாகலூர்த் தோட்டக்காரர்:
வணக்கம். ஏற்காட்டில் எங்கள் காப்பித் தோட்டத்து ஓரமாக, பேரிக்காய் மரங்களுக்கு இடையே 'அன்னா' ரக ஆப்பிள் மரங்கள் இரண்டு நிற்கின்றன. பூக்கின்றன, ஆனால் காய் பிடிப்பதில்லை. மகரந்தத்துக்குக் காட்டு ஆப்பிள் உதவும் என்று கேட்டு, டார்ஜிலிங்கிலிருந்து மேலஸ் பக்காட்டா (சைபீரியக் காட்டு ஆப்பிள்), மேலஸ் சிக்கிமென்சிஸ் (சிக்கிம் காட்டு ஆப்பிள்) ஆகிய இரண்டின் கன்றுகளையும் உறவினர் மூலம் தருவித்தேன். வழியில் பெயர்ச்சீட்டுகள் கழன்றுவிட்டன. எது எதுவென்று எப்படி அறிவது?

சேலம் வாசகி:
ஐயா, கன்றுப் பருவத்தில் இலையின் அடிப்புறமே துணை. முற்றிய இலையைத் திருப்பி, நரம்புகளின் மேல் விரலை ஓட்டிப் பாருங்கள்: வழவழப்பாக இருந்தால் பக்காட்டா, பஞ்சு போன்ற மென்ரோமம் படிந்திருந்தால் சிக்கிமென்சிஸ். தளிரைப் பார்க்க வேண்டாம், பக்காட்டாவின் தளிரிலும் சிறிது ரோமம் இருக்கக்கூடும். பழத்தின் நுனியில் புல்லிவட்டம் (பூவின் வெளிப்புறப் பச்சை இதழ்கள்) உதிர்ந்த தழும்பை வைத்துப் பிரிக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். இரண்டிலுமே அது உதிர்ந்துவிடுவதால் இங்கு அது செல்லாது. பக்காட்டாவின் பழம் சுமார் 1 செ.மீ. அளவில், உருண்டையாக, நீண்ட காம்பில் தொங்கும். சிக்கிமென்சிஸின் பழம் சற்றுப் பெரிது, சில வேளை பேரிக்காய் வடிவம். கடித்தால் பேரிக்காயில் போலவே லேசாக நறநறக்கும். வயதான மரமானால், கிளை பிரியும் இடத்துக்கு அருகே தண்டில் நெருக்கமாக முளைத்த தடித்த குறுங்கிளைகளும் அதைக் காட்டிக்கொடுக்கும்.

கருமந்துறை விவசாயி:
அடையாளம் சரி, ஆனால் கேட்டவரின் தேவை மகரந்தம். சிக்கிமென்சிஸ் மும்மடிய இனம் (குரோமோசோம்கள் மும்மூன்றாக உள்ளது), கருவுறாமலேயே விதை கட்டும். தாயைப் போலவே நாற்று வரும் என்பதால் விதை போட அது நல்லது, ஆனால் அதன் மகரந்தத்தை நம்ப முடியாது. இருமடிய (குரோமோசோம்கள் இரண்டிரண்டாக உள்ள) பக்காட்டாவின் மகரந்தம் நல்லது. ஆப்பிளுக்கு வேர்ச்செடியாகவும் (ஒட்டுக் கட்டும் அடிச்செடியாகவும்) அது வடக்கே பயன்படுகிறது. சிக்கல் குளிர்தான். சைபீரியா வரை பரவிய மரம், நீண்ட குளிர்காலத்துக்குப் பழகியது. சேர்வராயனில் மார்கழியிலும் 7 டிகிரிக்குக் கீழ் பல மணி நேரம் நிலைப்பது அரிது. மரம் வளரும், ஆனால் அன்னா பூக்கும் வேளையில் சேர்ந்து பூக்குமா என்பது சந்தேகமே.

நாகலூர்த் தோட்டக்காரர்:
ஒன்றில் ரோமம் தெளிவாகத் தெரிகிறது, நன்றி. பக்கத்துப் பேரிக்காய் மகரந்தம் போதாதா?

கருமந்துறை விவசாயி:
போதாது, அது வேறு பேரினம். குறைந்த குளிரே போதுமான 'டார்செட் கோல்டன்' ரக ஆப்பிள் ஒட்டுக்கன்று ஒன்றை அன்னாவின் அருகில் வையுங்கள். இரண்டும் ஏறக்குறைய ஒன்றாகப் பூக்கும்.